பதினொரு ஸ்பீக்கரும் ஒரு காதும்

அந்தக் கடையின் மூன்றாவது மாடியில், ஃபிரிட்ஜ்களையும் ஏசிகளையும் தாண்டிப் போனால் கறுப்புத் துணி ஒட்டிய கதவு ஒன்று வரும். உள்ளே ஜன்னல் இல்லாத அறை. நடுவில் ஒரு சோபா. சோபாவைச் சுற்றித் தரையில், சுவரில், கூரையில் என்று எங்கே பார்த்தாலும் ஸ்பீக்கர். அந்த அறைக்குள் வருகிறவர்களை உட்காரவைத்து, வீட்டிலேயே தியேட்டர் வைப்பது எப்படி என்று விளக்கி, வைக்காமல் இத்தனை நாள் எப்படி உயிரோடு இருந்தோம் என்று அவர்களையே வியக்கவைத்து அனுப்புகிறவருக்குக் கடையில் 'சரவுண்டு' என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே சட்டென்று உறைக்காது.

ஆள் நல்ல உயரம். குரல் கனமானது. விளக்கை அணைத்துவிட்டு அந்தக் குரலில் அவர் பேச ஆரம்பித்தால், இஸ்திரிப் பெட்டி வாங்க வந்தவர்கூடக் கொஞ்சம் நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்.

"ரெண்டு ஸ்பீக்கர்னா ஸ்டீரியோ சார். முன்னாடி ரெண்டு பேர் உக்காந்து உங்களுக்குக் கதை சொல்ற மாதிரி. அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க வெளியில நின்னு வேடிக்கை பாக்கற ஆளு. அஞ்சு பாயின்ட் ஒண்ணுக்கு வந்துட்டா, நீங்க குடும்பத்துக்கு நடுவுல உக்காந்திருக்கீங்க. முன்னாடி நட்ட நடுவுல இருக்குதே, அது வீட்டு அம்மா. பேச்சு முழுக்க அங்கிருந்துதான் வரும். அதுக்கு ரெண்டு பக்கமும் மாமியார் வீடு, பிறந்த வீடு. பாட்டு, வண்டிச் சத்தம், சண்டை எல்லாம் அவங்க பொறுப்பு. பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்கறது அக்கம்பக்கத்துக்காரங்க. எப்பவும் பேச மாட்டாங்க. பேசினா நீங்க திரும்பிப் பாத்தே ஆகணும்."

"அந்த பாயின்ட் ஒண்ணு?" என்று எல்லோரும் தவறாமல் கேட்பார்கள்.

"அது மச்சான் சார். மூலையில சும்மா கிடப்பாரு. இடி, வெடின்னா மட்டும் எழுந்து உறுமுவாரு. மத்தபடி எந்தப் பேச்சுலயும் கலந்துக்க மாட்டாரு. முழு ஆளாக் கணக்குல சேக்க முடியல, அதான் பாயின்ட் ஒண்ணு."

ஏழு புள்ளி ஒன்று என்றால் பின்னால் இன்னும் இரண்டு அண்டை வீடு. அதற்கும் மேலே ஒரு மூன்றாவது எண் சேர்ந்தால், அது கூரையில் தொங்குகிற ஸ்பீக்கர்களின் கணக்கு. "மாடி வீட்டுக்காரங்க," என்பார் சரவுண்டு. "மழை, ஹெலிகாப்டர் எல்லாம் அவங்க பாத்துப்பாங்க."

இவ்வளவும் சொல்கிற சரவுண்டுக்கு இடது காது கேட்காது.

சின்ன வயதில் வந்த பொன்னுக்குவீங்கி, வீக்கத்தோடு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வலது காது பழுதில்லாதது. ஒரு காது இருந்தால் எல்லாச் சத்தமும் கேட்கும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. தெருவில் யாராவது கூப்பிட்டால் அவர் முழுவட்டமாகச் சுற்றிப் பார்ப்பார். வீட்டில் செல்போன் அடித்தால் சமையலறையில் ஆரம்பித்துக் கட்டிலுக்கு அடியில் முடிப்பார், அது சட்டைப்பையிலேயே அடித்துக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து வருகிற சத்தமும் முன்னாலிருந்து வருவதும் மேலேயிருந்து வருவதும் அவருக்கு ஒன்றுதான். உலகத்தில் சரவுண்டு சவுண்டை அனுபவிக்க வழியே இல்லாத மனிதர்களில் அவர் ஒருவர்.

அந்த அறைக்குள் அவர் தானாகப் போகவில்லை. வாஷிங் மெஷின் பகுதியில்தான் நின்றுகொண்டிருந்தார். அறையில் முன்பு இருந்தவர் வேறு கடைக்கு மாறிப் போனதும், மேனேஜர் மாடி மாடியாக வந்து எல்லாரையும் பேசச் சொல்லிக் கேட்டார். இவர் "இந்த மெஷின்ல துணி சிக்காது மேடம்" என்று சொன்னதைக் கேட்டதும், "இந்தக் குரல் சோப்புத் தண்ணிக்கு வீணாப் போகுதேப்பா!" என்று கையைப் பிடித்து மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போய்விட்டார். மறுக்க நினைத்தவர் அறையைப் பார்த்தார். ஏசி. சோபா. நாள் முழுக்க நின்ற கால்கள் அவருக்குப் பதிலாக முடிவு செய்துவிட்டன.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் போர்ஷனில் கதவு திறந்தது. மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயந்த ஆட்களோடு தினமும் நடுரோட்டில் இருப்பதால், எதற்கும் பதறாத பழக்கம் வந்துவிட்டது.

"உங்களையா? ஏங்க, உங்களுக்கு எல்லாமே ஒத்தக் காது மோனோவாச்சே!"

"மெதுவாப் பேசு. நாளைக்கே மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்."

"எதுக்குச் சொல்லணும்? சோபா இருக்குன்னீங்களே?"

அடுத்த விடுமுறை நாளில் அவர் வாடிக்கையாளர் மாதிரி நல்ல புடவை கட்டிக்கொண்டு கடைக்கு வந்து, அந்த அறைச் சோபாவில் அமர்ந்தார். சரவுண்டு கடையின் மாதிரிப் படத்தைப் போட்டார். ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மனைவி விரலை நீட்டினார். கண்ணாடி உடைந்தால் வலது, குதிரை ஓடினால் இடமிருந்து பின்னால் என்று சரவுண்டு மனப்பாடம் செய்தார். கொஞ்ச நாளில், எதிரே கச்சேரி நடத்துகிறவர் போல இவர் கையை வீசுவதும் அங்கே ஹெலிகாப்டர் பறப்பதும் சரியாகப் பொருந்திவிட்டது. சிக்கல் எப்போது வந்ததென்றால், ஒருவர் சொந்தமாகப் படம் கொண்டுவந்து "இதப் போடுங்க" என்றபோது. அதில் ஹெலிகாப்டரே இல்லை. இவர் பழக்க தோஷத்தில் கூரையைக் காட்டிவிட்டார். வந்தவரும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார் என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு மனைவிதான் வழி சொன்னார்.

"பின்னாடி வர்ற லாரிய நான் காதாலயா கண்டுபிடிக்கறேன்? கண்ணாடில பாக்கறேன். உங்களுக்கும் எதிர்ல கண்ணாடி உக்காந்திருக்கில்ல? கஸ்டமர் மூஞ்சியப் பாருங்க. சத்தம் எங்க போகுதோ கண்ணு அங்க போகும்."

போயிற்று. சத்தம் இடது பின்பக்கத்தில் வந்தால் கருவிழி முதலில் அசையும், அப்புறம் கழுத்து. மேலே வந்தால் புருவம் ஏறும். மச்சான் உறுமினால் கை தானாகச் சோபாவின் கைப்பிடியைப் பிடிக்கும். சரவுண்டு முகங்களை வைத்தே அறையைக் கேட்கப் பழகினார். பழகப் பழக இன்னொன்றும் தெரிந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் சத்தம் வந்து திரும்புவதில்லை. இவர் பார்த்த பக்கம் திரும்பினார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் கூச்சம் விட்டுப்போனது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கான்ட்ராக்டர் வந்தார். பாலம், குவாரி, அடுக்குமாடி என்று ஊரில் பாதியை இடித்து மீதியைக் கட்டினவர். எதையும் உரக்கத்தான் சொல்வார். எதையும் இரண்டு தடவை சொல்லச் சொல்வார்.

"என் சம்பந்தி வீட்ல அஞ்சு வெச்சிருக்காரு தம்பி. ஒருக்கா கூப்பிட்டு உக்காரவெச்சாரு. அஞ்சுக்கே அந்த அலட்டல்! அதுக்கு மேல என்ன இருக்கு?"

"ஏழு இருக்கு சார்."

"என்ன?"

"ஏழு சார்! அதுக்கும் மேல ஏழு பாயின்ட் ஒண்ணு பாயின்ட் நாலு. பதினோரு ஸ்பீக்கர், அதுபோக ஒரு மச்சான்."

"மச்சான் எனக்கே ஒருத்தன் இருக்கான். பரவாயில்ல, இவனையும் சேத்துக்க."

கான்ட்ராக்டர் வீட்டில் ஒரு பெரிய அறையைக் காலிசெய்து சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்தார்கள். நடுவில், சாய்ந்தால் கால் தூக்கிக்கொள்கிற தோல் நாற்காலி ஒன்று. மற்றவர்களுக்கு ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி. கான்ட்ராக்டரின் மனைவிக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. ஒயர் கண்ணில் படக் கூடாது என்றார். ஒயர் சுவருக்குள் போனது. ஸ்பீக்கர் அசிங்கமாக இருக்கிறது என்றார். துணி போட்டு மூடினார்கள். எல்லாச் சத்தத்தையும் பிரித்து அனுப்புகிற ஆம்ப் பெட்டியில் விளக்கு மினுக்குகிறதே, பேய் வீடு மாதிரி என்றார். அதை மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

ஒரு சாயங்காலம் திறப்பு விழா. சம்பந்தி குடும்பத்தோடு வந்திருந்தார். கான்ட்ராக்டரின் மச்சானும் வந்திருந்தார். சரவுண்டை நிற்கவைத்து அறிமுக உரை ஆற்றச் சொன்னார்கள். வீட்டு அம்மா, மாமியார் வீடு, மாடி வீடு எல்லாம் சொல்லி முடித்ததும் படம் ஓடியது. காட்டில் மழை. மழையில் ஒருவனைப் பத்துப் பேர் துரத்துகிறார்கள்.

"கேட்டீங்களா?" என்று கான்ட்ராக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். "மழை தலைக்கு மேல பெய்யுது!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"எனக்குத் தோள்ல ஈரம் பட்ட மாதிரியே இருந்துச்சு," என்றார் சம்பந்தி, வேறு வழியில்லாமல்.

"பின்னாடி யாரோ நடந்து வந்தாங்க மாமா. நான் திரும்பியே பாத்துட்டேன்!" என்றார் மச்சான்.

பின்னால் நடந்து வந்தது தட்டில் டீயோடு கான்ட்ராக்டரின் மனைவி.

சரவுண்டு வழக்கம்போல முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ இடித்தது. யாராவது சொன்னால் திரும்புகிறார்கள், சொல்லாதபோது ஒரு கருவிழிகூட அசையவில்லை. புருவம் ஏறவில்லை. எல்லா முகமும் பரீட்சை எழுதுகிற மாதிரி நேரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெல்லப் பின்சுவருக்கு நகர்ந்து, கையைக் கட்டிக்கொள்கிறவர் போல, துணிக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரில் விரலை வைத்தார். துடிப்பில்லை. வலது காதைக் கொண்டுபோய் ஒட்டினார். சாத்திய கதவு மாதிரி இருந்தது. முன்னால் இருந்த இரண்டும்தான் பாடிக்கொண்டிருந்தன. நடுவில் இருந்த வீட்டு அம்மாவிலிருந்து மாடி வீட்டுக்காரர்கள் வரை ஒன்பது ஸ்பீக்கரும் ஊமை.

காரணம் அவருக்கு உடனே புரிந்தது. படத்தில் பதினொரு ஸ்பீக்கருக்கான சத்தம் இருந்தால் மட்டும் போதாது. டிவி அதை அப்படியே ஆம்புக்குக் கடத்திவிட வேண்டும். புது டிவி, பெட்டியைப் பிரித்தபோது இருந்தபடியே 'ஸ்டீரியோ' என்ற அமைப்பில் கிடந்தது. வந்ததையெல்லாம் இரண்டாகப் பிசைந்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஆம்ப் பெட்டியைப் பார்த்திருந்தால், ஸ்பீக்கருக்கு ஒன்றாக அதன் முகப்பில் இருக்கிற விளக்குக் கட்டங்களில் இரண்டு மட்டும் எரிவது தெரிந்திருக்கும். பெட்டி அலமாரிக்குள் இருந்தது.

இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார்.

"அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்டச் சொல்றது? சம்பந்திக்குத் தோள் நனைஞ்சு போச்சே."

மறுநாள், அப்டேட் போட வேண்டியிருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு போனார். கான்ட்ராக்டரும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். சரவுண்டு டிவியின் அமைப்பை மாற்றினார். அலமாரிக்குள் எல்லாக் கட்டமும் எரிந்தன. அதே படம், அதே மழை. இந்தத் தடவை அது நிஜமாகவே கூரையிலிருந்து கொட்டியது. கான்ட்ராக்டரின் மனைவி "ஐயோ, மாடியில துணி!" என்று எழுந்து ஓடினார். பின்னாலிருந்து ஒரு நாய் குரைத்தது. கான்ட்ராக்டர் நாற்காலியில் தூக்கிய காலை இறக்கத் தெரியாமல் தவித்து, "யார்ரா நாய உள்ள விட்டது?" என்று கத்தினார். அதற்குள் படத்தில் இரண்டு பேர் முக்கியமாக ஏதோ பேசிவிட்டுச் செத்தும் போய்விட்டார்கள்.

மனைவி காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு திரும்பி வந்து, சரவுண்டை ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, என்ன பண்ணே நீ?" என்றார் கான்ட்ராக்டர். "அவங்க பேசறது ஒண்ணும் கேக்கல. பின்னாடி ஒரே இரைச்சல். நேத்து எவ்வளவு அருமையா இருந்துச்சு!"

"சார், நேத்து வந்து..."

"நேத்துதான் சரவுண்டு சரியா இருந்துச்சு. நாலு பேர் கேட்டுச் சொன்னாங்கல்ல? இதென்ன சந்தைக்கடை? பழையபடி வெச்சுக் குடு."

சரவுண்டு வாயைத் திறந்தார். கான்ட்ராக்டரின் மனைவி துணியை மடித்தபடி, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். சரவுண்டு டிவியைப் பழையபடி ஸ்டீரியோவுக்கு மாற்றினார்.

"பாத்தியா!" என்று கான்ட்ராக்டர் தொடையில் தட்டினார். "இது! இதுக்குப் பேரு சரவுண்டு!"

அதன்பிறகு சரவுண்டுக்கு மவுசு கூடிவிட்டது. மச்சான் வீட்டில் கேட்டார்கள், சம்பந்தியே தன்னுடைய ஐந்தை ஏழாக்க வந்து நின்றார். 'கான்ட்ராக்டர் வீட்டில் இருக்கிற மாதிரி' என்பது ஊரில் ஒரு தரமாகிவிட்டது. சரவுண்டு எந்த வீட்டிலும் முதலில் ஒழுங்காகத்தான் எல்லாவற்றையும் ஓடவைப்பார். ஒரு வாரத்தில் ஃபோன் வரும். குழந்தை பயப்படுகிறது, மாமனார் திரும்பித் திரும்பிக் கழுத்து பிடித்துக்கொண்டது, காலிங்பெல் அடிப்பது படத்திலா வாசலிலா தெரியவில்லை. போய், அவர்கள் கேட்டபடி அடக்கிவிட்டு வருவார். கொஞ்ச காலத்தில் ஊரில் பெரிய மனிதர்கள் வீட்டுப் பின்சுவர்களில் எல்லாம் வாய்கட்டிய ஸ்பீக்கர்கள் தொங்கின. எல்லோருக்கும் திருப்தி.

இதைக் கெடுத்தது விளம்பரம். ஹோம் தியேட்டர் வாங்குகிறவர்களுக்கு இலவசக் காது பரிசோதனை என்று மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு காது டாக்டர் பெட்டியோடு வந்தார். முதலில் சரவுண்டை உட்காரவைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், எங்கள் நிபுணரின் காது பாருங்கள் என்று போடலாம் என்றார் மேனேஜர். சரவுண்டு வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லிப் பார்த்தார். விடவில்லை. ஹெட்ஃபோனை மாட்டினார்கள். வலது காது முடிந்தது. இடது காதுக்கு டாக்டர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

"இந்தப் பக்கம் சுத்தமா இல்லையே," என்றார் டாக்டர், பக்கத்தில் இருந்த வாடிக்கையாளர்களுக்கும் கேட்கும்படி. "எப்போலேர்ந்து?"

"சின்ன வயசுலேர்ந்து டாக்டர்."

படம் எடுக்க நின்றவர் கேமராவைத் தாழ்த்தினார். மேனேஜர் சரவுண்டை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "அப்ப இத்தன வருஷம் நீ எதக் கேட்டு வித்தே?"

"நான் கேக்கல சார். அவங்க கேட்டாங்க."

மறுநாள் சரவுண்டு மறுபடி வாஷிங் மெஷின் பகுதிக்கு வந்து சேர்ந்தார். துணி சிக்காது மேடம். கால் வலி ஒன்றுதான் புதிதாகத் தோன்றியது. அவமானம் இரண்டு நாள் இருந்தது, அப்புறம் போய்விட்டது. மனைவி மட்டும், "வண்டிய ரிவர்ஸ்ல எடுத்திருக்கீங்க, அவ்வளவுதான்," என்றார்.

அறைக்கு ஒரு இன்ஜினியர் வந்தார். ஒலிப்பொறியியல் படித்தவர், இரண்டு காதும் பழுதில்லாதவர், பொய் சொல்ல வராது. வருகிறவர்களிடம் வீட்டு அறையின் நீள அகலத்தைக் கேட்பார். கேட்டுவிட்டு, "உங்க ரூமுக்கு நல்ல ஸ்பீக்கர் ரெண்டு போதும். இதெல்லாம் வேஸ்ட்," என்பார். மேனேஜர் கதவுக்கு வெளியே நின்று பல்லைக் கடிப்பார். விற்பனை இறங்கியது. சும்மா உட்காரவைக்க மனமில்லாமல் இன்ஜினியரைப் பழைய வாடிக்கையாளர்கள் வீட்டுக்குச் சர்வீஸ் பார்க்க அனுப்பினார். முதலில் போனது கான்ட்ராக்டர் வீட்டுக்கு.

இன்ஜினியர் அலமாரியைத் திறந்து பார்த்தார். இரண்டு கட்டம் எரிந்தது. "சார், உங்க ஒன்பது ஸ்பீக்கர் இத்தன நாளா ஊமையா இருந்திருக்கு," என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, எல்லாவற்றையும் அளந்து, திருத்தி, ஓடவைத்துவிட்டு மனநிறைவோடு வந்தார்.

இரண்டு நாள் கழித்துக் கான்ட்ராக்டர் மனைவியோடு கடைக்குள் நுழைந்தார். மூன்றாவது மாடிக்குப் போய், அங்கே இல்லை என்றதும் கீழே இறங்கி, ஓடிக்கொண்டிருந்த ஒரு வாஷிங் மெஷினுக்கும் சரவுண்டுக்கும் நடுவில் வந்து நின்றார். மேனேஜர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஒன்பது ஸ்பீக்கர் ஊமையாம்! ஊரையே கூப்பிட்டு உக்காரவெச்சேனே! என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது தம்பி?"

சரவுண்டு பதில் சொல்வதற்குள் மேனேஜர் குறுக்கே விழுந்தார். "மன்னிச்சுக்கங்க சார். எங்களுக்கே இப்பத்தான் தெரியும். இவருக்கு ஒரு காது கேக்காது. மறைச்சுட்டாரு."

கான்ட்ராக்டரின் கோபம் பாதி வழியில் நின்றது.

"என்ன?"

"ஒரு காது கேக்காது சார்!" என்றார் மேனேஜர், உரக்க.

கான்ட்ராக்டர் சரவுண்டின் இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணு சுத்தமா இல்ல, ஒண்ணு முழுசா இருக்கா?"

"ஆமா சார்."

"எனக்கு ரெண்டும் பாதி பாதி," என்றார் கான்ட்ராக்டர், இதுவரை யாரும் கேட்டிராத சின்னக் குரலில். "குவாரில கல்லு உடைக்கற மிஷின் பக்கத்துலயே இருபது வருஷம் நின்னேன். கூட்டிப் பாத்தா ஒண்ணுதான் வரும்."

"அடப்பாவமே," என்றார் அவர் மனைவி. "நான் கூப்பிட்டா வேணும்னே திரும்பறதில்லன்னு நெனச்சு எத்தன நாள் பேசாம இருந்திருக்கேன்!"

"அதுவும் எனக்குத் தெரியலையே," என்றார் கான்ட்ராக்டர்.

மெஷின் தண்ணீரை வடித்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. மேனேஜர் அதை நிறுத்தினார். அப்புறம் பேச்சு சுலபமானது. கான்ட்ராக்டரின் மனைவிதான் பேசினார். இன்ஜினியர் வந்துவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் இருக்க முடியவில்லை, துணி எடுக்க ஓடி ஓடிக் கால் போய்விட்டது, இவருக்கும் பேச்சு எதுவும் புரியவில்லை, பழையபடி ஊமையாக்கித் தர வேண்டும்.

"ஆனா ஒண்ணு," என்றார் கான்ட்ராக்டர். "சம்பந்தி அலமாரியத் திறந்து பாத்தாலும் எல்லா விளக்கும் எரியணும். சத்தம் மட்டும் பின்னாடி வரக் கூடாது. பேச்சு நல்லாக் கேக்கணும். அப்படி ஒரு சரவுண்டு இருக்கா?"

மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த இன்ஜினியர், "அப்படி ஒண்ணும் கிடையாது சார்," என்று ஆரம்பித்தார்.

"இருக்கு சார்," என்றார் சரவுண்டு.

அன்று மாலையே போனார். டிவியை முழுச் சத்தமும் கடத்தும்படி வைத்தார். எல்லாக் கட்டமும் எரிந்தன. பிறகு ஆம்பில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இருக்கிற அளவைத் திறந்து, கூரையையும் பின்சுவரையும் அடிமட்டத்துக்கு இறக்கினார். நடுவில் இருக்கிற வீட்டு அம்மாவை நன்றாக ஏற்றினார். படம் ஓடியது. கான்ட்ராக்டர் முதல்முறையாகக் கதை என்ன என்று கேட்காமல் கடைசிவரை பார்த்தார்.

மேனேஜர் இதிலும் ஒரு வியாபாரத்தைக் கண்டுபிடித்தார். இப்போது அந்தக் கடையில் ஹோம் தியேட்டர் வாங்கினால், முதலில் இன்ஜினியர் வந்து டேப்பும் மைக்கும் வைத்து அளந்து, நூல்பிடித்த மாதிரி எல்லாவற்றையும் அமைத்துவிட்டுப் போவார். ஒரு வாரம் கழித்து சரவுண்டு வந்து, அந்த வீட்டு மனிதர்கள் குடியிருக்கிற அளவுக்கு அதைக் குறைத்துவிட்டுப் போவார். இரண்டாவது வேலைக்குப் 'பிரத்யேக ஒலி ஒத்திசைவுச் சேவை' என்று பெயர் வைத்து மேனேஜர் போர்டில் எழுதியிருக்கிறார். முதல் வேலை இல்லாமல் இரண்டாவதை நேராகச் செய்தால் என்ன என்று இன்ஜினியர் ஒரு நாள் கேட்டார். எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

போன மாதம் சரவுண்டு ஒரு சின்ன வீட்டுக்குப் போனார். பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்கிற பெண்மணியின் வீடு. தனியாக இருக்கிறவர். படுக்கையறை அளவுதான் கூடம். அதில் ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள், துணி மூடாமல், ஒயர் சுவரோரமாகப் பளிச்சென்று தெரியும்படி.

"பின்னாடி சத்தம் தொந்தரவா இருக்கா மேடம்? குறைச்சுடலாமா?"

"எதுக்கு?" என்றார் அந்த அம்மா. "வாங்கினதே அதுக்குத்தானே? உக்காருங்க, ஒண்ணு போடறேன்."

ஒரு பெரிய மண்டபத்தில் நிறையப் பேர் சேர்ந்து பாடிய கச்சேரி அது. படம் கிடையாது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சரவுண்டு பழக்கத்தில் முகத்தைப் பார்த்தார். மூடிய இமைக்குள் கருவிழி இடப்பக்கம் போய் நின்றது, கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. தலை நூலளவு சாய்ந்தது. எங்கோ யாரோ இருமினார்கள். அந்த அம்மாவின் உதடு லேசாகச் சிரித்தது. யாரும் கையைக் காட்டவில்லை, யாரும் பெருமைப்படவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு முகத்தை அவர் கடையின் அந்த அறையில் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவை போடறீங்களா?" என்று கேட்டார்.

"பிடிச்சுதா?"

"எனக்கு ஒரு காதுதான் மேடம். எங்கேர்ந்து வருதுன்னு தெரியாது."

அந்த அம்மா அதற்கு ஐயோ என்று சொல்லவில்லை. மறுபடி போட்டார். பஸ் நிலையத்தில் சொல்கிற அதே நிதானமான குரலில், பாட்டை மறைக்காமல், நடுநடுவே சொல்லிக்கொண்டு வந்தார். "இப்ப இடது கைப் பக்கம் ரெண்டு பெண் குரல். பின்னாடி ஆம்பளைங்க, கொஞ்சம் தள்ளி. இருமினவரு வலது மூலைல. இப்ப சுத்தியும் கைத்தட்டல், நீங்க நடுவுல இருக்கீங்க."

கைத்தட்டல் அடங்குவதற்குள் மேனேஜரிடமிருந்து ஃபோன் வந்தது. அது எங்கே அடிக்கிறது என்று சரவுண்டு சோபாவைச் சுற்றித் தேடினார். அந்த அம்மா அவர் சட்டைப்பையைக் காட்டினார்.

"முடிஞ்சுதா? எவ்வளவு குறைச்சே?"

"ஒண்ணும் குறைக்கல சார்."

"அப்ப இவ்வளவு நேரமா அங்க என்ன பண்ணிட்டு இருக்கே?"

"பாட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கேன் சார்," என்றார் சரவுண்டு.